மூத்த வீட்டுக் கையெழுத்து

இதை எழுத எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. எழுதத் தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மகளுடைய பழைய நோட்டில் மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் அந்தக் கையெழுத்துப் பேச்சு வந்ததும் பேனா நின்றுவிடும். சோறு பொங்கி வழிகிறது என்று எழுந்து போய்விடுவேன். போய்ப் பார்த்தால் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டேன்.

பெரிய திருநாள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "சாமி, பொறாமைப்பட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் பொறாமையில் என்ன செய்தேன் என்பதை விழுங்கிவிட்டேன். ஆண்டவருக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாம்பனுக்குப் பக்கம். என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தம்பி பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, தீவுப் பக்கம் போய்க் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள். எனக்கு ஒரு மகள், அவளுக்கு ஒரு மகள். பதினெட்டு நாள் முந்திப் பிறந்தவள் என் மகள். அந்தப் பதினெட்டு நாளைத் தவிர வேறு எதிலும் என் மகள் அவளை முந்தவில்லை.

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து மணலில் வாலிபால் விளையாடிப் பழகியவர்கள். பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் ஒருத்தி, எகிறி அடிப்பவள் ஒருத்தி. தூக்கிக் கொடுப்பவள் என் மகள். வலைக்கு மேலே எழும்பி அடிப்பவள் கொழுந்தன் மகள். கைதட்டெல்லாம் அடித்தவளுக்குத்தான். பந்து சரியான இடத்துக்கு யாரால் வந்தது என்று பார்க்கிற கண் கூட்டத்துக்குக் கிடையாது. எனக்கு மட்டும் அந்தக் கண் இருந்தது. எரிச்சலோடு இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. பஸ்ஸில் மூன்று மணி நேரம். படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்து நன்றி சொன்னேன். அடுத்த வருடமே கொழுந்தன் மகள் கேப்டன் ஆனாள். கல்லூரிக்காரர்கள் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய பிளக்ஸ் ஒன்று வைத்தார்கள். அதில் அவள் ஆகாயத்தில் நிற்கிறாள். படத்தின் கீழ் ஓரத்தில் பந்தைத் தள்ளிவிட்ட இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. முகம் வெட்டுப்பட்டுப் போயிற்று. அந்தப் பத்து விரலையும் பெற்றவள் நான். சந்தைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்த விரல்களைப் பார்ப்பேன். ஐப்பசிக் காற்று ஒன்று வந்து இதைக் கிழிக்காதா என்று நினைத்திருக்கிறேன்.

காற்று கிழிக்கவில்லை. கல்லூரிக்காரர்களே கழற்றினார்கள். கொழுந்தன் அதைக் கேட்டு வாங்கி வந்து, ஒழுகிக்கொண்டிருந்த தன் சமையல் கொட்டகைக்கு மேலே விரித்துக் கல் வைத்துவிட்டார். நான் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து நிமிர்ந்தால் அவள் முகம். குளித்துத் துணி காயப்போட்டால் அவள் முகம்.

"மழைக்கு நல்லா தாங்குதுக்கா" என்றாள் ஓரகத்தி. அவ்வளவுதான் சொன்னாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகப் பேச மாட்டாள். பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசி ஆறியிருப்பேன்.

மூன்றாம் வருடம் தொடங்குவதற்கு முன்னால் உயிர்ப்புத் திருநாள் லீவுக்கு இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எல்லாரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. சிக்கல் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து அவர்களோடு விளையாடிய ஒரு பெண்ணுக்கு மேட்சில் முழங்கால் பிசகிவிட்டது. விவசாயக் குடும்பம். இனி விளையாட முடியாது என்று டாக்டர் சொன்னதும், அடுத்த பருவத்திலிருந்து ஹாஸ்டலுக்கும் படிப்புக்கும் பணம் கட்டச் சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லா டீமிலும் இருக்கிற பிள்ளைகள் சேர்ந்து சங்கம் வைக்கப் போவதாகக் கொழுந்தன் மகள் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "சங்கமா? ஏத்தா, சங்கத்தப் பத்தி எங்ககிட்ட கேளு. விசைப்படகுக்காரன் ஸ்ட்ரைக்குன்னா வள்ளத்துக்காரன் வீட்லயும் ஒல வைக்க முடியாது. வெளையாடுற பிள்ளைக்கு எதுக்குச் சங்கம்?"

"பெரியப்பா, நங்கூரம் கால்ல விழுந்து நீங்க ரெண்டு மாசம் படுத்திருந்தீங்கள்ல, அப்ப வள்ளத்துல உங்க பங்கு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. அது வழக்கம். கடல்ல அடிபட்டவன் எந்திரிக்கிற வரைக்கும் அவன் பங்கு வீட்டுக்குப் போயிரணும்."

"அதேதான் நாங்களும் கேக்குறோம். புதுசா ஒண்ணும் கேக்கல."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அது தொழிலு, இது வெளையாட்டு. ஓசியில படிக்கிறீக, ஓசியில திங்கிறீக. அதுக்கு மேல சங்கம் வேறயா?" என்றேன்.

"ஓசி எங்கன பெரியம்மா இருக்கு? காலைல அஞ்சுக்கு எந்திரிச்சா எட்டு வரைக்கும் கிரவுண்டு. சாயங்காலம் நாலுலருந்து ஏழு. நாளைக்குப் பரிச்சைன்னா இன்னைக்கு எங்கயாச்சும் மேட்ச்சு. செயிச்சா காலேஜுக்குப் பேரு, விழுந்தா எங்களுக்குக் கட்டு."

கொழுந்தன் தன் மகளைக் கிண்டல் செய்தார். "அப்ப தலைவரம்மா நீதானா? வெள்ளச் சேலை எடுக்கணுமா? கார்ல கொடி கட்டணுமா?"

"மொத கார வாங்குங்கப்பா, கொடிய நான் கட்டிக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. "பயமாருக்கு பிள்ள. சங்கம் அது இதுன்னு போனா இந்தச் சீட்டே வேணாம்னு காலேஜுல நிப்பாட்டிட்டா? நமக்குப் பின்னால வாரதுக யாரும் படிக்க முடியாதே" என்றாள். அது நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இந்தப் பயத்தைத்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் அது இல்லை.

அந்த நேரம் என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நானும் சேருறேம்மா" என்றாள்.

"என்னைக்குத்தான்டீ நீ அவளுக்குத் தூக்கிக் குடுக்கிறத விடப்போற?" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. ஓரகத்தி சட்டியைக் கிளறி, "அக்கா, தலைப் பக்கம் உங்களுக்குப் பிடிக்குமே" என்று மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கல்லூரியின் பி.டி. மேடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஹாஸ்டலில் இருந்தார்கள். ஓரகத்தி பாசி எடுக்கத் தீவுக்குப் போயிருந்தாள், ஆண்கள் கடலில். மேடம் விசாரித்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிக் கலர் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன்.

"உங்க பொண்ணு கை ரொம்ப நல்ல கை. டீமையே அவதான் நடத்துறா, வெளிய தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

இத்தனை வருடமாக ஒரு மனுஷர் வாயிலிருந்து கேட்க நான் காத்திருந்த வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு பையிலிருந்து தாள்களை எடுத்தார். "இந்தச் சங்கம் விஷயத்துல பெத்தவங்களுக்குச் சம்மதம் இல்லன்னு எழுதியிருக்கோம். பிள்ளைங்க நல்லதுக்குத்தான். பெத்தவங்க இல்லாட்டி பாதுகாவலர் போடலாம். அந்தக் கேப்டன் பொண்ணு வீடு எதும்மா? பூட்டியிருக்கா?"

நான் முதலில் என் மகளுக்கு உரிய தாளில் போட்டேன். நான் எதில் கையெழுத்துப் போட்டாலும் மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் போடுவேன். அன்றைக்கும் போட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பாகம் பிரிக்காத அண்ணன் தம்பி எத்தனை பேர் இருந்தாலும் கோயில் வரிக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் அவர்கள் ஒரே தலைக்கட்டுதான். மூத்த வீட்டில் ஒரு கையெழுத்துப் போட்டால் இளைய வீட்டுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்காரர் கடலில் இருந்தால் நானே போடுவேன். எத்தனையோ தடவை ஓரகத்திக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். அவளும் "எதுக்குப் போட்டீக" என்று கேட்டதில்லை.

"நாங்க ஒரே தலைக்கட்டு மேடம். மூத்தவ நான் போட்டாப் போதும்" என்றேன். அந்த இரண்டாவது தாளையும் வாங்கினேன். சிலுவை போட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

வழக்கப்படிதான் செய்தேன் என்று யாரிடமும் வாதாடலாம். ஆனால் பேனாவை எடுக்கும்போது என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் கொஞ்சம் கீழே இறங்கட்டும். கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் இறங்கினால் போதும், என் மகளுடைய முகம் தெரிகிற அளவுக்கு. மேடம் போனபிறகு வாசலைப் பெருக்கினேன், பாட்டுக்கூடப் பாடினேன். செபமாலை சொல்ல உட்கார்ந்தபோதுதான் ஐந்தாவது மணியிலேயே எண்ணிக்கை தப்பிப்போனது.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். குரல் சரியில்லை. கல்லூரியில் விளையாட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் போட்டதும் போடாததுமாக இருந்திருக்கிறது. கடைசியில் கொழுந்தன் மகளுடைய தாளைத் தூக்கிக் காட்டி, "உங்க தலைவி வீட்டுலயே சம்மதம் இல்ல, உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகளுக்கு வேறு மாதிரிப் புரிந்துவிட்டது. எங்களையெல்லாம் முன்னால் தள்ளிவிட்டு இவள் வீட்டில் சொல்லி இரகசியமாகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டாள் என்று. இரண்டே நாளில் சங்கம் கலைந்தது. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரவும் ஆள் இல்லை. சிக்கல் பிள்ளை சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது.

"கேப்டன் யாருடீ இப்ப?" என்று கேட்டேன்.

"என்னையத்தான் சொல்லிருக்காக."

சேசுவே, மன்னியும். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உள்ளங்கையெல்லாம் வேர்த்த சந்தோஷம். வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "நான் வேணாம்னுட்டேன். அம்மா, நான் முன் வரிசையில இருந்தேன். அந்தத் தாளுல சிலுவை இருந்துச்சு. அவகிட்ட நான் சொல்லல. நீயே சொல்லிரு."

நான் சொல்லவில்லை. பத்து நாள் சொல்லவில்லை.

பதினோராவது நாள் கொழுந்தன் மகள் துணிப்பையோடு வந்து இறங்கினாள். படிப்பும் வேண்டாம், பந்தும் வேண்டாம் என்றாள். வீட்டுச் சம்மதம் இல்லாமல் சங்கம் சேர்த்தது ஒழுக்கக்கேடு என்று எழுதி, சீட்டைப் பற்றி முடிவு செய்யப் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். கொழுந்தன் கொதித்துவிட்டார். "காலேஜுக்காரன் கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டான். இவ தீவுல கெடந்தா, நான் கடல்ல கெடந்தேன். எவன் போட்டது? வள்ளத்து ஆளுக அத்தன பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

என் வீட்டுக்காரர் நிதானமானவர். "ஏலே, பொறு. போறதுக்கு முன்னால நம்ம பக்கம் சுத்தமான்னு பாத்துக்கிருவோம். ரெண்டு வீட்டுப் பொம்பளைகளும் கோயில்ல மெழுகுதிரி பிடிச்சுக்கிட்டு, கையெழுத்துப் போடலன்னு சத்தியம் பண்ணிரட்டும். அப்புறம் எவன்னாலும் கேட்டுக்கிறலாம்" என்றார். எங்கள் ஊரில் எந்த வழக்கும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பொய் சொன்னவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்போது ஓரகத்தி எழுந்தாள்.

"மச்சான், நான் பிடிக்கிறேன். எங்கக்காவ அங்கன நிக்க வைக்கக் கூடாது. என் பிள்ளைக்குச் சீட்டுப் போனாப் போகுது. அவுகளச் சந்தேகப்பட்டோம்னு ஊருல ஒரு பேச்சு வரக் கூடாது."

இதையும் உள்ளபடியே எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பொறாமை. இப்படி ஒரு மனசு இவளுக்கு எப்படி வாய்த்தது, எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்கிற பொறாமை. இத்தனை வருடம் அவள் மகளைப் பார்த்து எரிந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவளை ஒரே ஒரு தடவையாவது முந்த வேண்டும் என்று தோன்றியது. வாய் திறந்ததற்கு அந்த ஆத்திரமும் ஒரு காரணம்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

கொழுந்தன் வெளியே போய்விட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஓரகத்தி மட்டும் கிட்டே வந்தாள். "தெரியாமப் போட்டீகளாக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல இடம் கொடுத்துக் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டில் இருக்கும்போது அந்தக் கதவை அவள் அதற்கு முன் பகலில் சாத்தியதில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கொழுந்தன் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மூன்று மணி நேரமும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பரமக்குடி தாண்டியபோது எனக்கு விக்கல் எடுத்தது. பார்க்காமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முன் கிரவுண்டுக்குப் போனோம். பிள்ளைகள் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஓடிவந்தாள், பிறகு நடுவில் நின்றுவிட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அந்தத் தாளுல இருந்தது என் கையெழுத்து. இந்தப் பிள்ளைக்கும் தெரியாது, இவளப் பெத்தவளுக்கும் தெரியாது. என் பிள்ளைய விட இவ மேல இருக்காளேங்கிற வயித்தெரிச்சல்ல போட்டேன்."

ஒரு பெண் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப வந்து சொல்லி என்ன ஆன்ட்டி? கால் போனவ ஊருக்குப் போயிட்டா. அவளக் கூட்டிட்டு வருவீங்களா?"

அவளை இன்றுவரைக்கும் என்னால் கூட்டிவர முடியவில்லை. இன்னொரு பெண் கொழுந்தன் மகளிடம் போய், "ஏய், சொல்லிருக்கலாம்ல" என்று முதுகில் அடித்தாள். "எனக்கே தெரியாதத என்னத்தடீ சொல்ல?" என்று அவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து வலையின் மறுமுனையைக் கட்டப் போனாள்.

பி.டி. மேடமும் முதல்வரும் நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய சீட்டு தப்பியது. கேப்டன் பதவி வேறொருத்திக்குப் போனது. சங்கம் அந்த வருடம் வரவில்லை. இவர்கள் படிப்பு முடித்துப் போனபிறகு, அடிபட்ட பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு வருடம் முடியும்வரை ஹாஸ்டல் உண்டு என்று கல்லூரியே ஒரு விதி போட்டதாகக் கேள்விப்பட்டேன். முழுப் பங்கு இல்லை, பாதிப் பங்கு. விளையாடுகிற பிள்ளைகளுக்குச் சங்கம் வேண்டுமா என்று படித்தவர்கள் இன்னும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். என் வீட்டிலேயே அந்தச் சண்டை முடியவில்லை. வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள். அவர்கள் வாயை நான் அடைத்தேன்.

இன்று கொழுந்தன் மகள் வெளியூரில் சீருடை வேலையில் இருக்கிறாள், அங்கேயும் விளையாடுகிறாள். என் மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறாள். ஓரகத்தி ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் அவள் வீட்டுக்கு ஏதாவது தாள் வந்தால் தானே எழுத்துக்கூட்டிப் படித்துத் தானே கையெழுத்துப் போடுகிறாள். அவள் மகளின் படம் செல்லில் வந்தால் இன்னும் எனக்குள் ஒரு குத்து குத்தும். உடனே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொள்கிறேன். குத்து நின்றபாடில்லை.

இப்போது ஏன் எழுதினேன் என்றால், ஊரில் இந்தக் கதை மாறிப்போய்விட்டது. கல்லூரிக்காரர்கள் கள்ளக் கையெழுத்துப் போட்டார்கள், பெரியம்மாக்காரி தனியாகப் போய் நியாயம் கேட்டு மகளை மீட்டாள் என்று சொல்கிறார்கள். போன மாதம், தெருக்காரர்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்க வைத்து, இப்படி அல்லவா பெண்கள் இருக்க வேண்டும் என்று கைதட்டினார்கள். ஓரகத்தியும் அங்கே இருந்தாள். அவளும் தட்டினாள். என்னைக் காப்பாற்றத் தட்டினாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

ஆகையால் இதைப் படிக்கிற அன்புள்ளவர்களே, நீங்கள் இதை இன்னொருவருக்குச் சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, அவளுக்குத் தெரியாது பாவம் என்று ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். கோபப்பட்டு, கொடுமைக்காரி என்று ஒரு வரி கூட்டவும் வேண்டாம். மூத்தவள் போட்டாள், தெரிந்து போட்டாள், பொறாமையால் போட்டாள், மகள் சொல்லச் சொல்லியும் பதினோராவது நாள்தான் சொன்னாள். இவ்வளவுதான். இதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோங்கள்.